ஊரெல்லாம் மணத்த மிளகு

லெட்சுமணன் இருபத்திரண்டு ஆண்டுகள் நெருப்போடு குடித்தனம் நடத்தியவர். ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில், உலர்த்தி அறையில், அவர் கைக்கு எட்டாத வேலை என்று ஒன்று இருந்ததில்லை. உலர்த்தியின் வாயிலிருந்து சுடச்சுடக் கொட்டும் தூளில் ஒரு பிடி அள்ளுவார். உள்ளங்கையில் வைத்துத் தேய்ப்பார். காதருகே கொண்டுபோய் அது நொறுங்கும் ஓசையைக் கேட்பார். "இன்னும் ரெண்டு நிமிஷம்" என்பார். அந்த இரண்டு நிமிடம் ஒருநாளும் மூன்றானதில்லை. சுவரில் தொங்கிய வெப்பமானி அவர் சொன்னதற்குச் சாட்சியாக இருந்ததே தவிர, வழிகாட்டியாக இருந்ததில்லை.

ஆறு ஆண்டுகளுக்கு முன்னர் அந்தத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். வேலை முடிந்தபோது கிடைத்த சேமலாபப் பணத்தைக் கொண்டு, கடுகண்ணாவைக்குக் கீழே கல்தென்ன என்ற சிற்றூரில் இருபது பேர்ச்சஸ் காணியும் அதில் நின்ற சிறிய வீட்டையும் வாங்கி, மனைவி அங்கம்மாவோடு அவர் குடியேறினார். காணியில் கிளிரிசீடியா மரங்களைப் பற்றிக்கொண்டு முப்பத்திரண்டு மிளகுக் கொடிகள் ஏறியிருந்தன. கொடி தரும் வருமானம் ஆண்டுக்குப் போதாது. ஆகையால் பல்லேகலவில் ஒரு களஞ்சியத்தில் காவல் வேலைக்குப் போய்வந்தார். பஸ்ஸில் போக இரண்டு மணித்தியாலம், வர இரண்டு மணித்தியாலம். நடுவிலே பன்னிரண்டு மணித்தியாலம் ஒரு பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. "பூட்டு ஓடியா போயிரும்?" என்று அங்கம்மா கேட்பாள். அவருக்குச் சிரிப்பு வராது.

கல்தென்னவில் நாற்பது குடும்பங்கள். பெரும்பாலோர் முஸ்லிம்கள், தலைமுறை தலைமுறையாக அங்கேயே மிளகும் கராம்பும் சாதிக்காயும் வளர்த்து வாழ்பவர்கள். லெட்சுமணனை அவர்கள் அன்பாகத்தான் நடத்தினார்கள். ஆயினும் ஆறு ஆண்டுகள் கடந்த பின்னரும் அவர் ஊரில் "தோட்டத்துலருந்து வந்த அண்ணன்" மட்டுமே. அவரிடம் ஒருவரும் எதையும் கேட்கவேண்டிய தேவை ஏற்படவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் எல்லாரும் கேட்டுக் கேட்டு வேலை செய்த மனிதருக்கு அது உள்ளூர உறுத்தியது.

ஊரின் துன்பம் வேறு. அங்கே மிளகு பழுப்பது தை மாதத்தை ஒட்டி. அதே காலத்தில்தான் கணவாயிலிருந்து மூடுபனி ஏறிவரும். தூறல் விட்டுவிட்டுப் பெய்யும். சேர்ந்தாற்போல் இரண்டு மணித்தியால வெயில் கிடைத்தால் அதுவே பெரும் பேறு. பாதையோரத்தில் தறப்பாளை விரித்து மிளகைப் பரப்பிவைத்துவிட்டு, வானத்தைப் பார்த்தபடி ஒருவர் காவல் இருக்கவேண்டும். ஒரு துளி விழுந்தால் ஊரே ஓடும். மூன்று நாள் இப்படி விரிப்பதும் சுருட்டுவதுமாகப் போனால், நான்காம் நாள் மிளகின் மேல் வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்துவிடும். அதற்கு அஞ்சியே பலர் பறித்த அன்றே, வியாபாரி ஹாஷிம் முதலாளியின் வான் வண்டி வந்து நிற்கும்போது, பச்சையாகவே நிறுத்துக் கொடுத்துவிடுவார்கள். பச்சை மிளகுக்குக் கிடைப்பது காய்ந்த மிளகின் விலையோடு ஒப்பிட முடியாத சொற்பம். ஹாஷிம் கெட்டவர் அல்லர். குறைபட்டுக்கொள்பவர்களிடம், "நான் மிளகுதான் வாங்க வந்தீக்கிறன், வெயில் விக்க வரல்லயே" என்று சிரித்தபடி சொல்வார். 

அந்த ஊருக்குத்தான், தைப்பொங்கல் கழிந்த வாரத்தில், ஓர் உலர்த்தி வந்து இறங்கியது.

அதைக் கொண்டுவந்தவர் விவசாயப் போதனாசிரியை கிருஷாந்தி. யாழ்ப்பாணத்துப் பெண், பேராதனையில் படித்துவிட்டு இந்தப் பக்கத்திலேயே வேலைக்கு அமர்ந்தவர். பாழடைந்து கிடந்த பழைய கூட்டுறவுச் சங்கக் கடையைக் கூட்டித் துடைத்து உலர்த்தியை அதற்குள் நிறுத்தினார்கள். ஓர் ஆள் உயரமான தகரப் பெட்டி, உள்ளே பத்துக் கம்பிவலைத் தட்டுகள், அடியில் விறகடுப்பு, சூட்டை மேலே தள்ளச் சிறிய மின்விசிறி, கதவில் ஒரு வெப்பமானி. விறகுக்கு வெளியே போகவேண்டியதில்லை. மிளகுக் கொடி ஏறும் அதே கிளிரிசீடியா மரத்தின் கிளைகளை வெட்டிக் காயவைத்தால் போதும்.

"இது உங்களுக்குச் சும்மா தந்ததெண்டு நினையாதேங்கோ," என்று கிருஷாந்தி ஊர் விவசாயிகள் சங்கக் கூட்டத்தில் சொன்னார். "மாசி முடியிறதுக்குள்ள குறைஞ்சது இருபது தரமாவது ஓடவேணும். ஓடாட்டி வேற ஊருக்குக் குடுத்திடுவினம். மூண்டு ஊர் கேட்டுக்கொண்டு நிக்குது."

"ஓட்டுறது ஆரு?" என்று ஒரு குரல் எழுந்தது.

ஆறு ஆண்டுகளாகக் கூட்டத்தின் கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்தே பழகிய லெட்சுமணன் எழுந்து நின்றார். "நான் ஓட்டுறேங்க. இருவத்திரண்டு வருஷம் டீ பாக்டரி ட்ரையர்ல நின்னவன்." ஊர் திரும்பிப் பார்த்தது.

கிருஷாந்தி அச்சிட்ட தாளொன்றை அவரிடம் நீட்டினார். "அண்ணை, ஐம்பத்தைஞ்சு பாகைக்கு மேல விடாதேங்கோ. பத்து மணித்தியாலம் எடுக்கும்."

லெட்சுமணன் தாளைப் பணிவோடு வாங்கிச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டார். உள்ளுக்குள்ளே சிரித்தார். ஐம்பத்தைந்து பாகையா? தேயிலைக்கு அது குளிர்காலம். எழுத்து வேலை பார்ப்பவர்களுக்கு எப்போதும் நெருப்பென்றால் பயம். பாவம், படித்த பிள்ளை என்று எண்ணிக்கொண்டார்.

முதலாவதாக மிளகு கொண்டுவந்தவர் றம்லத். நாற்பது வயதிருக்கும். கணவர் ரஸீனுக்குக் கண்டி நகரில் ஓர் இரும்புக்கடையில் வேலை. வாரத்துக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். வீட்டின் நூறு மிளகுக் கொடிகளையும் தனியே கட்டிக் காப்பவர் றம்லத்தான். பத்தாம் வகுப்பில் படிக்கும் மகள் ஆஸிகா மிளகுக் காலத்தில் பாதி நாட்கள் பள்ளிக்கூடம் போவதில்லை, தறப்பாளுக்குக் காவல். இந்த ஆண்டு மிளகைப் பச்சையாக விற்பதில்லை, நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாத பையிலே கட்டிவைத்து, விலை ஏறும்போது விற்பது என்று றம்லத் முடிவு செய்திருந்தார். கிருஷாந்தி கொடுத்த தடித்த பிளாஸ்ரிக் பை ஒன்று அவருடைய அலுமாரிக்குள் மடித்தபடியே காத்திருந்தது.

"அண்ணே, அறுவது கிலோ ஈக்கி. என்ட மொத்தப் பறிப்புல பாதி," என்றார் றம்லத். "பாத்து."

"நீங்க வீட்டுக்குப் போய்ச் சோறாக்கி முடிக்கிறதுக்குள்ள காஞ்சிரும் தங்கச்சி."

அவர் சொன்னபடியே செய்தார். அடுப்பு நிறைய விறகை அடுக்கினார். நெருப்பு குமுறி எழுந்தது. வெப்பமானியின் முள் தொண்ணூறைத் தாண்டியதும் அவருடைய முதுகு தானாகவே நிமிர்ந்தது. முகத்தில் பட்ட அந்தச் சூடு ஆறு ஆண்டுகளாகப் பிரிந்திருந்த உறவினர் ஒருவர் வந்து தோளைத் தொட்டதைப்போல் இருந்தது. சிறிது நேரத்தில் மணம் கிளம்பியது. சாதாரண மணமா அது? சங்கக் கடையைத் தாண்டி, பள்ளிவாசலைத் தாண்டி, கீழே பிரதான பாதை வரைக்கும் மிளகு மணத்தது. பெண்கள் வாசலில் வந்து நின்று மூச்சை இழுத்தார்கள். முச்சக்கர வண்டி ஓட்டும் ரிஸ்மி வண்டியை நிறுத்தி, "அண்ணே, வாசத்தையே சோத்துக்குப் போட்டுத் தின்னலாம் போல ஈக்கி!" என்று கூவினான்.

மூன்றரை மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. மிளகு கன்னங்கரேலென்று, ஒவ்வொரு மணியும் தனித்தனியாக, தட்டில் உருட்டினால் கலகலவென்று ஒலித்தது. றம்லத் இரு கைகளாலும் அள்ளிப் பார்த்து, "மாஷா அல்லாஹ்" என்றார். அன்று மாலை பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள்கூட லெட்சுமணனைப் பெயர் சொல்லி விசாரித்தார்கள். உலர்த்தியே தன்னைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கையில், மறுநாளே அவர் பல்லேகலவுக்குத் தொலைபேசியில் பேசி, இனி வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

நான்காம் நாள் பள்ளிவாசலில் கந்தூரி விருந்து. அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் கந்தூரிக் கறிக்கு வேண்டிய மிளகு, அந்தப் பருவத்தில் முதலில் காய்ந்த வீட்டிலிருந்து போகவேண்டும். அது அந்த வீட்டுக்குப் பெருமை. வெயிலே முகம் காட்டாத அந்த வாரத்தில் காய்ந்த மிளகு றம்லத்தின் வீட்டில் மட்டுமே இருந்தது. இரண்டு கிலோவை நிறுத்து, புதுத் துணிப் பையில் கட்டி அனுப்பினார்.

சமையலுக்குத் தலைவர் முனாப் நாநா. முப்பது ஆண்டுகளாகக் கந்தூரிச் சட்டியைக் கிண்டுபவர். அவர் மிளகை உரலில் இட்டு இடித்தார். குனிந்து முகர்ந்தார். மறுபடி இடித்து மறுபடி முகர்ந்தார். வழக்கமாகப் போடும் அளவைப் போட்டார். பிறகு அதைப்போல் இரண்டு மடங்கு போட்டார்.

சாப்பாட்டுக்கு அயலவர்கள் அனைவரும் அழைக்கப்பட்டிருந்தார்கள். லெட்சுமணனும் சஹன் என்னும் பெரிய பொதுத் தட்டொன்றைச் சுற்றி மூவரோடு உட்கார்ந்தார். முதல் கவளத்திலேயே அவருக்கு ஏதோ நெருடியது. கறி கறுப்பாக இருந்தது. மிளகுக் கறியைப் போலவே இருந்தது. ஆனால் மூக்கில் ஒன்றும் ஏறவில்லை. காரம் தொண்டையில் எங்கோ பிந்தி வந்தது. அதற்கு முன்பாக நாக்கின் ஓரத்தில் ஒரு கருகல் கசப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. சுற்றிலும் பெரியவர்கள் மரியாதைக்காக, "இறைச்சி நல்லா வெந்தீக்கி" என்றார்கள். இறைச்சியை மட்டுமே புகழ்ந்தார்கள்.

ரிஸ்மிக்குத்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "முனாப் நாநா, கறி கறுப்பா ஈக்கி. மிளகு எங்க?"

"மிளகு ஈக்கி," என்றார் முனாப் நாநா, அகப்பையைக் கீழே வைக்காமலே. "அதுட உசிருதான் இல்ல."

சிரிப்பொலி சஹனுக்குச் சஹன் பரவியது. பெண்கள் பக்கத்துத் திரைக்கு அப்பால் றம்லத்துக்கும் அது கேட்டிருக்கும் என்று லெட்சுமணனுக்குத் தெரியும். 

அடுத்த நாள் ஹாஷிம் முதலாளி றம்லத்தின் வாசலில் நின்று, மிளகை ஒரு பிடி அள்ளி முகர்ந்து, மெல்ல மீண்டும் சாக்கிலேயே போட்டுவிட்டுப் போனார். கந்தூரி முடிந்ததும் போடுவதற்கு உலர்த்தியில் முறை கேட்டு வைத்திருந்த ஐந்து குடும்பத்தாரும் ஒருவர் பின் ஒருவராக வந்து, "இந்தத் தரம் வேணாம் அண்ணே, பொறகு பாப்பம்" என்றார்கள். வானம் மூடியே கிடந்தது. பச்சை மிளகு மறுபடியும் ஹாஷிமின் வண்டியில் ஏறத் தொடங்கியது. கிருஷாந்தி சொன்ன இருபதில் ஒன்றுதான் ஓடியிருந்தது. அந்த ஒன்றும் ஓடாமலே இருந்திருக்கலாம்.

லெட்சுமணன் வீட்டின் பின்புறத்தில் கொடிகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"என்னாங்க, சோறு ஆறுது," என்றாள் அங்கம்மா.

"பசிக்கல."

"ஏன், கந்தூரிச் சாப்பாடே இன்னும் செமிக்கலயா?"

"நீயுமா?" என்று அவர் திரும்பினார். "இருவத்திரண்டு வருஷம். ஒருநாள் ஒரு தட்டு தீய்ஞ்சதில்ல. டீமேக்கர் ஐயாவே என் கையப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவாரு. எங்க தப்புச்சுன்னே வெளங்கல அங்கம்மா."

அங்கம்மா சோற்றுக் கோப்பையை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுத் தானும் படியில் உட்கார்ந்தாள். "அன்னிக்கி நீங்க அடுப்பு மூட்டுன நேரம் நான் மேட்டுல துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தேன். மணம் அங்க வரைக்கும் வந்துச்சு. பஸ்ஸுல போனவங்க தலைய நீட்டிப் பாத்தாங்களாம். அம்புட்டு மணமும் எங்கருந்துங்க வந்துச்சு?"

"மிளகுலருந்துதான்."

"ஊருக்கெல்லாம் போனது திரும்பி வந்து மிளகுக்குள்ள குந்திக்குமா?"

லெட்சுமணன் அவளையே பார்த்தார். கோப்பையை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"நீங்க எப்பவும் அடுப்படியில நின்னவரு," என்று அவள் தொடர்ந்தாள். "நான் பதினோரு வருஷம் மேல்மாடியில கொழுந்து பரப்புனவ. எங்களுக்கு நெருப்பே கெடயாது. காத்த விட்டுட்டு ராத்திரி பூராவும் காத்திருப்போம். கொழுந்து வாடும், ஆனா ஒரு மணமும் வெளிய போகாது. கீழ உங்ககிட்ட வந்தப்பறம்தான் நெருப்பு. இந்த மிளக ஏன் உங்க அடுப்புக்குக் கொண்டுபோறீங்க? எங்க மாடிக்குக் கொண்டாங்களேன்."

தேயிலைக்கு நெருப்புப் பட்ட பின்னர்தான் குணம் வருகிறது. மிளகுக்கோ குணம் கொடியிலேயே வந்துவிடுகிறது. உலர்த்துபவன் செய்யவேண்டியது அதைக் கலைக்காமல் நீரை மட்டும் போக்குவது. இந்த வேற்றுமையை இருபத்திரண்டு ஆண்டுப் பழக்கம் அவர் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது. லெட்சுமணன் எழுந்துபோய் உள்ளே துணிக்கொடியில் தொங்கிய சட்டையின் பையிலிருந்து கிருஷாந்தியின் தாளை எடுத்தார். மடிப்புக் கலையாமல் இருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும் படித்தார். பிறகு இன்னொரு தரம் படித்தார்.

மறுநாள் கணவனும் மனைவியும் தங்கள் முப்பத்திரண்டு கொடிகளிலும் பழுத்த குலைகளைப் பறித்தார்கள். அந்த ஆண்டு வீட்டுக்கு வரவேண்டிய விளைச்சல் முழுவதும் அதுதான். காவல் வேலையும் இல்லை. உதிர்த்து எடுத்த மணிகளை அடுத்த நாள் காலை ஆறு மணிக்குத் தட்டுகளில் பரப்பினார்கள்.

அங்கம்மா முதலில் செய்த காரியம், விறகுக் கட்டைத் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டதுதான். "கேட்டா தருவேன். ஒன்னொன்னாத்தான் தருவேன்."

முள் ஐம்பத்தைந்தில் வந்து நின்றது. லெட்சுமணனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இது நெருப்பா? சுடுதண்ணீர் வைக்கக்கூட உதவாத நெருப்பு. மணிக்கொரு தரம் மேல் தட்டைக் கீழும் கீழ்த் தட்டை மேலுமாக மாற்றினார். கை விறகை நோக்கி நீளும், அங்கம்மா புருவத்தை உயர்த்துவாள், கை திரும்பிவிடும். நண்பகல் கடந்தது. வெளியே தூறிக்கொண்டிருந்தது. ஒரு துளி மணமும் கடையை விட்டு வெளியேறவில்லை.

ரிஸ்மியின் முச்சக்கர வண்டி வந்து நின்றது. "என்ன அண்ணே, மெஷின் மௌத்தாப் போச்சா? மூச்சுமில்ல, வாசமுமில்ல?"

லெட்சுமணன் அடுத்த தட்டை மாற்றப் போனார். 

மாலை நாலரை மணிக்கு ஒரு பிடியை எடுத்துத் தகர டப்பாவில் போட்டுக் காதருகே குலுக்கினார். இந்த ஒரு விடயத்தில் அவர் காது அவரைக் கைவிடவில்லை. உள்ளே ஈரம் இருந்தால் மந்தமாகக் கேட்கும், இல்லையென்றால் கிண்ணென்று கேட்கும். கிண்ணென்று கேட்டது. அங்கம்மா பையைக் கொண்டுவந்தாள்.

"இப்பக் கட்டாத," என்றார் அவர். "சூட்டோட கட்டுனா பைக்குள்ளயே மழ பெய்யும். விடியற வரைக்கும் ஆறட்டும். இது என் பாடம்."

"அப்பாடா, ஒரு பாடமாவது தேறிச்சே," என்றாள் அங்கம்மா.

காலையில் பையைக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு, குடையையும் பிடித்துக்கொண்டு, லெட்சுமணன் றம்லத்தின் வீட்டுக்குப் போனார். வாசல் விறாந்தையில் தாயும் மகளும் குந்தியிருந்தார்கள். மிச்சப் பாதியில் முதலில் பறித்துத் தரையில் பரப்பியிருந்த மிளகின் மேல் வெள்ளை படரத் தொடங்கியிருந்தது. ஆஸிகா அதை ஒரு துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வெள்ளைச் சீருடை உள்ளே கம்பியில் தொங்கியது.

"என்ன அண்ணே?" என்றார் றம்லத். "வாங்க" என்று சொல்லவில்லை.

"தங்கச்சி, அன்னிக்கிப் பண்ணுனது என் தப்பு. மிஸ் தாள்ல எழுதியே குடுத்தாங்க, நான் படிக்கல. நெருப்புல எனக்குத் தெரியாதது இல்லன்னு நெனச்சுட்டேன்." பையை இறக்கி வைத்தார். "இது எங்க கொடி மிளகு. உங்களோடத விடக் கொஞ்சம் கொறயும். எடுத்துக்கங்க."

றம்லத் பையைத் திறக்கவேயில்லை. "உங்கட வீட்டுக்கு?"

"அடுத்த பறிப்பு இருக்கு."

இல்லை என்பது இருவருக்கும் தெரியும். அந்த முப்பத்திரண்டு கொடிகளிலும் இனிப் பறிக்க ஒன்றுமில்லை என்பதைப் பாதையில் போகும் எவரும் பார்க்கலாம். றம்லத் மெல்லப் பையின் வாயை அவிழ்த்தார். அவிழ்த்ததும் அவருடைய தலை தானாகப் பின்னுக்குப் போனது. மணம் அங்கேதான் இருந்தது. ஊருக்குப் போகாமல், பைக்குள் இவ்வளவு நேரமும் அடைந்து கிடந்தது. ஒரு மணியை எடுத்து, பல்லிடுக்கில் வைத்துக் கடித்தார்.  கண்களில் நீர் முட்டியது.

"உம்மா?" என்று பதறினாள் ஆஸிகா.

"தண்ணி கொண்டா," என்றார் றம்லத்.

அன்றைக்கு முதன்முறையாக லெட்சுமணன் சிரித்தார்.

தண்ணீரைக் குடித்துவிட்டு, றம்லத் தரையில் கிடந்த மிளகைப் பார்த்தார். பிறகு பையைப் பார்த்தார். "பாதிய நான் எடுக்கிறன். பாதி அங்கம்மாக்கு. அதுல பேச்சில்ல. மத்தது, கொடில மிச்சம் ஈக்கிறத இண்டைக்கே பறிச்சி நாளைக்கி கொண்டு வாறன். ஆனா ஒரு கண்டிசன்."

"சொல்லுங்க."

"அந்தச் சூடு பாக்கிற முள்ளுக்கிட்ட நான்தான் ஈப்பன். நீங்க நெருப்பப் பாருங்க, நான் உங்களப் பாக்கிறன்."

அடுத்த நாள் விடியும்போதே றம்லத் வந்துவிட்டார். ஒரு கையில் குடை. மறு கையில் பிளாஸ்ரிக் கதிரை. பின்னாலே ரிஸ்மியின் வண்டியில் மிளகு மூட்டை. உலர்த்தியின் கதவுக்கு நேரே கதிரையைப் போட்டு, வெப்பமானியைப் பார்த்தபடி உட்கார்ந்தார். மடியிலே சுளகை வைத்துச் சாதிக்காய்த் தோல் உரித்தார். முள் ஐம்பத்தேழைத் தொட்டால், "அண்ணே!" என்பார். லெட்சுமணன் அடுப்பிலிருந்து ஒரு கொள்ளியை வெளியே இழுப்பார். அங்கம்மா விறகுக் கட்டின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். "ரெண்டு பொம்பளைக்கு நடுவுல மாட்டிக்கிட்டேனே," என்று அவர் முணுமுணுத்தார். "முந்தியே மாட்டியிருந்தா கந்தூரி தப்பியிருக்கும்," என்றாள் அங்கம்மா. றம்லத் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பாதையில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். உலர்த்தி நன்றாக வேலை செய்கிறது என்று ஆயிரம் பேர் சொல்லியிருந்தாலும் அந்த ஊர் நம்பியிருக்காது. ஆனால் அறுபது கிலோவை இழந்தவரே கதிரை போட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அதற்குமேல் என்ன வேண்டும்? நண்பகலுக்குள் அபீபா என்ற முதிய பெண் வந்து, "நாளைக்கி என்டத போடலுமா?" என்று கேட்டார். பின்னேரம் முனாப் நாநாவே ஒரு சிறு மூட்டையோடு வந்தார். மூட்டையைக் கொடுப்பதற்கு முன்னர், றம்லத்தின் தட்டிலிருந்து ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, லெட்சுமணனின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.  அவரிடமிருந்து அவ்வளவு கிடைப்பதே அரிது.

அதன் பிறகு முறை வைக்கவேண்டியதாயிற்று. றம்லத் கடையின் கதவில் வெண்கட்டியால் பெயர்களை எழுதினார். முதலில் போடுபவர் அடுத்தவருக்கு முள்ளைப் பார்த்துக்கொடுக்கவேண்டும் என்பது அவர் வகுத்த சட்டம். ஆகவே கதிரை ஒருநாளும் வெறுமையாக இருந்ததில்லை. மழை தன்பாட்டில் பெய்தது. அதைப் பார்த்து ஒருவரும் ஓடவில்லை. ஹாஷிம் முதலாளியின் வான் இரண்டு தடவை வெறுமையாகத் திரும்பியது. மூன்றாம் தடவை அவரே கடைக்குள் வந்து, காய்ந்த மிளகை முகர்ந்து, விலை சொன்னார். "இப்ப விக்கல்ல முதலாளி," என்றார் அபீபா. "பையில கட்டி வெச்சீக்கிறன். நோம்புக்குப் பொறகு வாங்க." பச்சை மிளகோடு வானுக்கு ஓடியே முதுமை அடைந்த பெண், தம் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு வியாபாரியைக் காத்திருக்கச் சொன்னார். ஹாஷிம் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். "வெயிலயும் நீங்களே செஞ்சிட்டீங்க. நான் இனி என்னத்தச் சொல்ற?"

மாசி மாதத்தின் கடைசி வாரத்தில் கிருஷாந்தி வந்தார். கந்தூரிக் கதை அவருடைய காதுக்கும் எட்டியிருந்தது. உலர்த்தியை ஏற்றிப் போகவேண்டியிருக்கும் என்ற எண்ணத்தில், இன்னொரு ஊரின் கடிதத்தையும் கோப்பில் வைத்துக்கொண்டே வந்தார். நல்ல தூறல். பாதை முனையில் குடை பிடித்துக்கொண்டு, வெள்ளைச் சீருடையில், புத்தகப் பையோடு ஒரு மாணவி பஸ்ஸுக்கு ஓடினாள். அவள் ஆஸிகா என்பது கிருஷாந்திக்குத் தெரியாது. மிளகுக் காலத்து மழைநாளில் அவள் பள்ளிக்கூடம் போவது அந்த வீட்டுக்கு எவ்வளவு புதியது என்பதும் தெரியாது.

கடையின் முன்னால் நின்று கிருஷாந்தி மூச்சை இழுத்துப் பார்த்தார். முகம் வாடியது. "என்ன அண்ணை, இண்டைக்கும் ஓடேல்லையோ? மணமொண்டையும் காணேல்லை."

லெட்சுமணன் வாயைத் திறப்பதற்குள் கதிரையிலிருந்து றம்லத்தின் குரல் வந்தது. "ஓடுறதாலதான் மிஸ் மணமில்ல. மணமெல்லாம் உள்ளுக்கு ஈக்கி."

கிருஷாந்தி கதவைப் பார்த்தார். வெண்கட்டிப் பெயர்களை விரலால் தொட்டுத் தொட்டு வாய்க்குள் எண்ணினார். இருபத்தாறில் வந்து விரல் நின்றது. கோப்பிலிருந்த கடிதத்தை எடுத்து, நான்காக மடித்து, கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "அப்ப அவைக்கு வேறயொண்டு தேடுவம்," என்றார். "அண்ணை, அந்தத் தாள் இன்னும் இருக்கோ?"

லெட்சுமணன் சுவரைக் காட்டினார். தாள் சோற்றுப் பசையால் ஒட்டப்பட்டிருந்தது. புகைபட்டு ஓரம் மங்கியிருந்தது. 'ஐம்பத்தைந்து' என்ற சொல்லைச் சுற்றி யாரோ கரியால் வட்டம் போட்டிருந்தார்கள். கிருஷாந்தி கேள்வியோடு திரும்ப, அங்கம்மா விறகுக் கட்டின் மேலிருந்தே கையை உயர்த்தினாள்.

பேச்சு நடந்துகொண்டிருக்கையிலேயே, விருந்தாளிக்கு நல்ல நெருப்பைக் காட்டவேண்டும் என்ற பழைய ஆசை எழ, லெட்சுமணன் இரண்டாவது விறகை எடுத்துவிட்டார். றம்லத் முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "அண்ணே, கை."

அவர் அதைப் பத்திரமாக விறகுக் கட்டின் மேலேயே திருப்பி வைத்தார்.